வளையத்தின் தெற்குப் பக்கம்

1

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: "அங்க என்ன வேலைங்க அம்மணி?"

சிவில் எஞ்சினியர் என்றால் வீடு, பாலம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் செய்வது கண்ணுக்குத் தெரியாது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் பெட்ரோலும் சமையல் எண்ணெயும் ரசாயனமும் நிரப்பிய இரும்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பல்லடத்தில் என் அப்பாவின் கோழிப்பண்ணைக் கொட்டகையை அப்படியே ஒன்றுக்குள் இறக்கி வைக்கலாம், அவ்வளவு பெரியவை. அவை உட்காரும் காங்கிரீட் அடித்தளத்தை வடிவமைப்பதுதான் என் வேலை. தொட்டி வந்து உட்கார்ந்தபின் நான் வரைந்ததை யாரும் பார்க்கப்போவதில்லை.

தொட்டி துளிகூட இறங்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாத் தொட்டியும் கொஞ்சம் இறங்கும். சுற்றிலும் ஒரே மாதிரி இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அடித்தகடு கிழியும், சுவர் கோணும். அதனால் தொட்டியின் விளிம்புக்குக் கீழே வட்டமாக ஒரு காங்கிரீட் சுவர் எழுப்புவோம். வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளையத்துக்குக் கீழே எல்லாப் பக்கமும் மண் ஒரே குணத்தோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பாதி வேலை.

பீளமேட்டில் படித்து முடித்து, கல்யாணம் ஆகி, மோகனோடு இங்கே வந்தேன். மோகன் காங்கேயத்துக்காரர். இங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். அவர் இறந்து இரண்டாவது வருஷம் நெருங்குகிறது. முதல் வருஷ திதிக்கு ஊருக்குப் போனபோது நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

2

அன்று காலை மோகன் வழக்கம்போல் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினார். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் மாரடைப்பு வந்து விழுந்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து எனக்கு போன் வந்தபோது ஒரு கணக்கின் நடுவில் இருந்தேன். கணக்கைச் சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்து நகராட்சி அலுவலகம். மோகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் அப்பாவின் பெயர், ராமசாமி. எனக்கும் மகளுக்கும் அந்த இடத்தில் மோகன். எதிரே இருந்த பெண் நல்லவள். திரையை இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"உங்கள் கணவர் திரு. ராமசாமி. சரி. அப்படியானால் திரு. மோகன் யார்?"

"அவரும் இவர்தான்."

"ராமசாமி?"

"என் மாமனார். இறந்துவிட்டார்."

"திரு. ராமசாமி இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும்" என்றாள், மிகவும் இரக்கத்தோடு.

வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கையில் இருந்த தாளில் என் பெயருக்கு நேராக 'வேடுவே' என்ற டச்சுச் சொல் புதிதாக ஏறியிருந்தது. விதவை என்று பொருள். ஏதோ வேட்டைக்காரக் குலத்தில் என்னைச் சேர்த்துவிட்டதுபோல் இருந்தது.

இந்த மொழியில் பிறந்தநாள் வாழ்த்துக்கு 'ஹெஃபெலிசிடேர்ட்'. துக்கம் விசாரிக்க 'ஹெகொண்டொலேர்ட்'. வந்த புதிதில், என்னோடு வேலை பார்க்கும் ஹான்ஸின் தாய் இறந்தபோது, அவர் கையைப் பிடித்து முதல் சொல்லைச் சொல்லிவிட்டேன். பெரிய மனது, சிரித்துவிட்டார். நான் வேலைக்குத் திரும்பிய அன்று எல்லோரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது எந்தச் சொல் என்று எனக்குக் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தேன்.

நான் திடமாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள். திடமெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால், வேறு யாருடைய உதட்டையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

3

எங்கள் மகள் யாழினிக்கு அப்போது பதினைந்து வயது. அவள் சினேகிதிகளோடு டச்சு பேசுவாள். அப்பாவோடு மட்டும் தமிழ். அதுவும் சுத்தமான காங்கேயத்துத் தமிழ். "ஏனுங்க அப்பா, இன்னுமு கெளம்பலையா?" என்று அவள் மாடியிலிருந்து கத்துவது பக்கத்து வீட்டுக் கிழவருக்கே மனப்பாடம்.

அவர் போனபின் அந்தத் தமிழும் போயிற்று. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். திட்டமிட்டுச் செய்யவில்லை. என்னோடு பேசிக்கொள்ள அவளுக்குத் தமிழ் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். படித்தாயா, படித்தேன். இதற்கு எந்த மொழியாக இருந்தால் என்ன.

4

மோகன் இறந்து சில மாதம் கழித்துக் கதிர்வேல் போன் செய்தார். மோகனின் ஒரே தம்பி. காங்கேயத்தில் குடும்ப நிலத்தில் தேங்காயெண்ணெய் மில் நடத்துகிறார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். கதிர் என்னை "நங்கையா" என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கையா, பெரிய டேங்க் ஒண்ணு போடலாமுன்னு இருக்கறனுங்க. எண்ணெயச் சேத்து வெச்சு, வெலை வாரப்ப விக்கலாமுங்க. அடியில போடற காங்கிரீட்டுக்கு நீங்களே ஒரு பிளான் போட்டுக் குடுத்துப்போடுங்க."

அவர் எனக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார் என இப்போது தோன்றுகிறது. நானும் ஒப்புக்கொண்டேன். சாயங்காலங்களில் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செய்தேன்.

இங்கே தோண்டினால் தண்ணீரும் களிமண்ணும்தான். ஆழத்தில் மணல் கிடைக்கும்வரை தூண் அடித்து இறக்க வேண்டும். காங்கேயத்தில் அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் தோண்டினாலே பாறை. ஆனால் இடையிடையே கறுப்பு மண் கிடக்கும். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதனால் வட்டத்தைச் சுற்றிப் பல இடங்களில் துளை போட்டு மண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன். கதிர் நடுவிலும் வடக்கிலும் மட்டும் போட்டு அனுப்பினார். இரண்டிலும் நல்ல பாறை.

"தெக்கால சோளம் நிக்குதுங்க. மிஷின் உள்ள போகாது. எல்லாம் ஒரே காடுதானுங்க நங்கையா." புன்செய் நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்.

நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வேலையைத் தொடங்கும் நாள் பற்றியும் அவரே சொன்னார். அண்ணன் இறந்த வருஷம் கழிய வேண்டும். அதுவரை வீட்டில் நல்ல காரியம் கிடையாது. திதி முடிந்த வாரத்திலேயே பூஜை, அன்றே காங்கிரீட். நாங்களும் அப்போது ஊரில் இருப்போம்.

5

திதிக்கு பவானி கூடுதுறைக்குப் போனோம். மோகனின் சாம்பலை அதுவரை ரோட்டர்டாம் வீட்டில் அவருடைய புத்தக அலமாரியில் வைத்திருந்தேன். தகனக்கூடத்தில் கொடுத்த பச்சை நிற டப்பா. விமான நிலையத்தில் அதை எக்ஸ்ரேயில் விட்டபோது யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடுதுறையில் ஐயர், "மகன் ஆருங்க?" என்று கேட்டார். மகன் இல்லை, தம்பி செய்வார் என்றார்கள். கதிர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். அப்போது யாழினி தமிழில் கேட்டாள்.

"நானும் வரட்டுங்களா சித்தப்பா?"

கதிர் ஐயரைப் பார்த்தார். ஐயர் ஆற்றைப் பார்த்தார். "வா கண்ணு" என்றார் கதிர். இரண்டு பேருமாகக் கரைத்தார்கள்.

இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். படிக்கட்டின் ஓரத்தில் சிமெண்ட் அரித்துக் கம்பி வெளியே தெரிந்தது. அதை இப்படிப் பூசக்கூடாது என்று தோன்றியது. அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

6

பூஜைக்கு முதல் நாள் தொட்டி வரும் இடத்துக்குப் போனேன். சோளம் அறுத்தாகிவிட்டது. சுண்ணாம்பில் பெரிய வட்டம் போட்டு, வளையத்துக்கான குழியும் எடுத்திருந்தார்கள். வடக்கில் குழியின் சுவர் வெட்டிய வெண்ணெய்போல் நின்றது. தெற்கே வந்தபோது சுவர் உதிர்ந்து கிடந்தது. மண்ணில் செங்கல் துண்டு, உடைந்த ஓடு, சாம்பல். ஒரு கம்பியை வாங்கிக் குத்தினேன். தடையில்லாமல் இறங்கியது.

"கதிரு, இது இந்த இடத்து மண் இல்லைங்க. கொட்டுன மண்ணு. ஜேசிபி விட்டு ஆழமாத் தோண்டிப் பாத்துட்டுத்தான் காங்கிரீட் போடணும்."

"மேல கொஞ்சம் குப்பை மண்ணு கெடக்குதுங்க. காலங்காலமா ஏரோட்டுன காடுங்க இது." அவர் குரல் தாழ்ந்தது. "நாளைக்கு ரெடிமிக்ஸ் வண்டிக்குச் சொல்லியாச்சுங்க. சொந்தமெல்லாம் வாராங்க. ஒரு வருசம் ஊடே இருண்டு கெடந்துதுங்க நங்கையா. இந்த ஒரு காரியத்தை நல்லபடியா நடத்த உடுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. காலையில் பேசலாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

காலையில் பேச முடியவில்லை. பந்தலில் கூட்டம். நான் குழியை நோக்கி நடந்தபோது கதிரின் பெரியம்மா வந்து என் முழங்கையை மெதுவாகப் பிடித்தார்.

"அம்மணி, வெயிலு சுள்ளுனு அடிக்குதுங்க. பூசை முடியற வரைக்கும் உங்க மாமியாகூட அந்த மோட்டார் ரூம் நெழல்ல உக்காந்துக்குங்க சாமி."

அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால் எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. மோட்டார் அறை நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் என் மாமியார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மாமனார் போன நாளிலிருந்து நல்ல காரியங்களில் அவருக்கு அந்த மாதிரி நாற்காலிதான். நான் இன்னொன்றில் உட்கார்ந்தேன்.

யாழினி தேடிக்கொண்டு வந்தாள். "நாம ஏன் இங்க?"

சொன்னேன். அவள் முகம் சிவந்தது. டச்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, தமிழில் கேட்டாள்: "அந்த டேங்க் நீங்க வரைஞ்சதுதானே?"

"ஆமா."

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

வரவில்லை.

7

மாமியார் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டின் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. மில்லுக்கு வந்தாலும் வாசலோடு திரும்பிவிடுவார். முழங்கால் வலி என்று நினைத்திருந்தோம்.

"அந்தச் சுண்ணாம்புக் கோட்டு மேலயா அம்மணி டேங்க் வருது?"

"ஆமாங்க அத்தை."

"தெக்கால ஓரமும் அதுல சேந்துதானா?"

"அதும் சேந்துதானுங்க."

முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றுமில்லை.

"அங்க கெணறு இருந்துது."

நான் எழுந்துவிட்டேன். "எவ்வளவு பெரிசுங்க அத்தை?"

"பெரிய கெணறு. ஏத்தம் போட்ட கெணறு. படியெல்லாம் இருந்துது." அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "மோகனுக்கு அடுத்து எனக்கு ஒரு பிள்ளை. பொன்னாத்தான்னு பேரு. வெளையாடப் போனவ அதுல உழுந்துட்டா. மோகன் அப்ப ரெண்டாவது படிச்சான். அவந்தான் ஊட்டுக்கு ஓடியாந்து சொன்னான். கதிரு வவுத்துல இருந்தான். உங்க மாமனாரு மறுவாரமே ஆளுகளை உட்டுக் கல்லும் மண்ணும் கொட்டி மூடிப்போட்டாரு. இனி அந்தப் பேச்சை ஆரும் எடுக்கப்படாதுன்னுட்டாரு. ஆரும் எடுக்கலை."

ரோட்டர்டாமில் பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் கற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஊரே கால்வாய் என்பதால் அது இங்கே பெரிய விஷயம். யாழினியின் வகுப்புக்கு மோகன் ஒரு நாளும் என்னை அனுப்பியதில்லை. காய்ச்சலோடுகூடப் போனார். மற்ற பெற்றோர்கள் காபி குடித்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். அவர் குளத்தின் விளிம்பிலேயே நின்று, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பார். ஒருமுறை இதைக் கிண்டல் செய்தேன். சிரித்தார்.

அத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ சூடாகக் கிளம்பி மேலே வந்தது. என்னவென்று தெரியக் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருந்தது. கோபம். மோகன் மேல். ஒரு வருஷத்தில் எனக்கு முதலில் வந்த உணர்ச்சி அதுதான்.

பந்தலில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே ரெடிமிக்ஸ் வண்டி டிரம்மைச் சுழற்றிக்கொண்டு நின்றது. நான் நடந்தேன். யாழினி பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதிரு, நிறுத்துங்க. இன்னைக்குக் காங்கிரீட் போட வேண்டாம்."

பெரியம்மா, "அம்மணி, பூசை முடியட்டுமுங்க..." என்று தொடங்கினார். கதிரின் முகம் கறுத்துவிட்டது.

"நங்கையா, எல்லாருமு பாக்கறாங்க. என்னுங்க இது?"

"தெற்கே கெணறு இருந்திருக்குது. மூடியிருக்காங்க. இதுமேல டேங்கை வெச்சா அந்தப் பக்கம் இறங்கிப் போயிரும். எண்ணெயோட சாஞ்சா ஆள் போயிரும்."

"கெணறா? நான் பொறந்து வளந்த காடுங்க இது. எனக்குத் தெரியாத கெணறு எங்கிருந்து வந்துது?"

அப்போது கூட்டம் விலகியது. மாமியார் வந்துகொண்டிருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பந்தலைத் தாண்டி, குழியின் தெற்கு ஓரத்தில் போய் நின்றார்.

"இங்கதான்டா கதிரு. பொன்னாத்தா இங்கதான் உழுந்தா."

கதிருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கையில் இருந்த கற்பூரத் தட்டோடு அம்மாவையே பார்த்தார்.

"ஆரும்மா பொன்னாத்தா?"

8

ரெடிமிக்ஸ் வண்டி திரும்பிப் போயிற்று. சொந்தங்கள் சாப்பிட்டுவிட்டு, அதிகம் பேசாமல் கிளம்பினார்கள். அபசகுனம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மத்தியானம் ஜேசிபி வந்தது. செங்கல்லும் பாறைத் துண்டுமாக அள்ளி அள்ளிப் போட்டபின், வெட்டுக்கல் அடுக்கிய வட்டமான விளிம்பு தெரிந்தது. பாதிக்கு மேல் எங்கள் வளையத்துக்கு உள்ளே. கதிர் கையைக் காட்டி ஜேசிபியை நிறுத்தினார். குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணனுக்குத் தெரியுமுங்களா நங்கையா?"

"தெரியும்."

"உங்களுக்குச் சொன்னாருங்களா?"

"இல்லைங்க."

"கூடப் பொறந்தவ ஒருத்தி இருந்திருக்கறா, பாருங்க" என்றார்.

அதை மறுபடி மூடினோம். தொட்டியை வடக்கே தள்ளி, பாறை மேல் வைக்க முடிவு செய்தோம். இந்த முறை வட்டத்தைச் சுற்றித் துளை போட்டார்கள். நாங்கள் ரோட்டர்டாம் திரும்பியபின் பூஜை ஏதும் வைக்காமலே கதிர் காங்கிரீட் போட்டார். எழும்பிய தொட்டியில், எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். விளிம்பைச் சுற்றி அளந்த அளவுகளைக் கதிர் ஒவ்வொன்றாக போனில் வாசித்தார். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருந்தது.

"நல்லா உக்காந்திருக்குதுங்க" என்றார். பிறகு, "அம்மா பேசணுமுங்கறாங்க."

யாழினி இப்போதும் என்னிடம் டச்சில்தான் பேசுகிறாள். ஆனால் கோபம் வந்தால் தமிழுக்கு மாறுகிறாள். அப்பா ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாள் கேட்டாள். தெரியவில்லை என்றேன். "உங்களுக்காவது சொல்லியிருக்கோணும்" என்றாள், அவர் பேச்சில். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் கோபித்துக்கொண்டது அன்றுதான். அதற்குப் பிறகு கொஞ்சம் அழுதோம். நிறைய இல்லை.

அளவுகளை வாசித்த அன்று, கதிர் போனைக் கொடுத்ததும் மாமியார் கேட்டார்:

"அந்த எடத்துல இனி ஆராச்சும் எதாச்சும் கட்டுவாங்களா அம்மணி?"

"கட்டக்கூடாதுன்னு படத்துல எழுதி வெக்கறனுங்க அத்தை. கெணறு இருந்த இடத்தைக் குறிச்சு வெச்சுட்டா, பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியும்."

"அப்படியா." பிறகு, "அவ பேரு எங்கியுமே எழுதலை. பள்ளிக்கொடத்துல சேக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா."

ஒரு வேலை முடிந்தால், எப்படிக் கட்டினோமோ அப்படியே காட்டும் கடைசி வரைபடம் ஒன்று போட வேண்டும். அந்த வாரம் அதைப் போட்டேன். தொட்டி, வளையம், துளை போட்ட இடங்கள். தெற்கே புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம். மூடிய கிணறு, இதன்மேல் எதுவும் கட்டக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்குக் கீழே தமிழில் ஒரே ஒரு சொல்.

எங்கள் தொழிலில் தான் வரைந்ததைத் தானே சரிபார்ப்பது வழக்கமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹான்ஸிடம் காட்டினேன். ரொட்டியைக் கடித்துக்கொண்டே அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், புள்ளிக்கோட்டு வட்டத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ்."

"என்ன எழுதியிருக்கிறது?"

"பொன்னாத்தாள்."

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு வந்தவரையில் சரியாகத்தான் சொன்னார்.

"அந்த இடத்தின் பெயரா?"

"ஆமாம்" என்றேன்.